புயலில் ஒடிந்த ஆண்டெனாவுக்கு எந்த அலுமினியம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அலுமினியம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது அடுப்படிதான். சோற்றுக் குண்டானையும் தூக்குவாளியையும் எங்கள் பக்கத்தில் இன்றும் 'ஈயப் பாத்திரம்' என்றே சொல்கிறார்கள். ஈயம் வேறு, அலுமினியம் வேறு என்பது பள்ளி மாணவனுக்கும் தெரியும். ஆனால் அலுமினியம் என்ற ஒரே பெயருக்குள்ளும் பல உலோகங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மற்றொன்றைவிட எட்டு மடங்கு வலிமை உடையது என்பது பட்டப்படிப்புக்கு வந்த பின்னரும் நாம் எண்ணிப் பாராத செய்தியாகும். அதை எண்ணிப் பார்க்க எனக்கு வாய்ப்பளித்தது ஓர் ஒடிந்த ஆண்டெனா.

எங்கள் ஊரில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் வானொலி என்பது வருவாய் கருதாமல், மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்று, சொந்தக் கருவியால் பிற நாட்டினரோடும் பிற ஊரினரோடும் பேசும் கலை. பொழுதுபோக்கு என்று சிலர் இதனைத் தள்ளிவிடக்கூடும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் வானொலிக் கருவியோடு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தார். மற்றத் தொடர்புகள் அறுந்த அந்த நாட்களில் தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றவற்றுள் அவர் குழுவின் ஆண்டெனாவும் ஒன்று. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் எங்கள் கடற்கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்காக மின்சாரமும் கைப்பேசியும் இல்லை. பெரியவரின் கருவி ஒரு கார் பாட்டரியில் இயங்கக்கூடியது. ஆனால் பேச வழியில்லை. ஆண்டெனா அதற்கு முன்பே ஒடிந்து பக்கத்து வீட்டுக் கூரைமேல் கிடந்தது. கூரைக்கடியில் அந்நேரம் யாரும் இல்லை என்பது நற்பேறு.

ஆண்டுகள் பல கொல்லையில் கிடந்த அதை மீண்டும் எழுப்ப அவர் முடிவு செய்தபோது எழுந்த முதற் கேள்வி, எந்தக் குழாயை வாங்குவது என்பதே. ஜன்னல் வேலைக்கு வரும் குழாய் உள்ளூரிலேயே மலிவாகக் கிடைக்கிறது. விலை கூடிய வேறொரு குழாயைச் சென்னையிலிருந்து தருவிக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே வெள்ளையாக மின்னுகின்றன. கூடுதல் விலை எதற்காக?

விடை காணுமுன் ஆண்டெனாவைப் பற்றிச் சில சொற்கள். இது யாகி-உடா வகையைச் சேர்ந்தது. 1926-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் தொஹோகு பல்கலைக்கழகத்தில் சிந்தாரோ உடா என்பவரும் அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியும் இதனை உருவாக்கினர். உழைப்பின் பெரும் பங்கு உடாவுடையது. ஆனால் 1928-இல் ஆங்கிலக் கட்டுரை எழுதியவர் யாகி ஆதலால் உலகம் அவர் பெயரையே பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் நின்ற தூர்தர்ஷன் ஆண்டெனாவும் இதே குடும்பம்தான். வேறுபாடு அளவில் இருக்கிறது. பெரியவர் பேசும் அலைவரிசை 14 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 21 மீட்டர். ஆகவே ஒவ்வொரு குறுக்குக் கம்பியும் பத்து மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். நடுவில் பிடித்து, இருபுறமும் ஐந்து மீட்டருக்கு மேல் எந்தத் தாங்கலும் இன்றி அந்தரத்தில் நீட்ட வேண்டும். அப்படி மூன்று கம்பிகள்.

மின்சாரம் என்றதும் செம்பு நினைவுக்கு வருவது இயல்பு. மின்தடை குறைந்த உலோகத்தை விட்டு அலுமினியத்துக்கு ஏன் போகிறோம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் உள்ளே ஓடுவதில்லை, மேற்பரப்பிலேயே ஓடுகிறது என்று படித்திருக்கிறோம். 14 மெகாஹெர்ட்ஸில் அந்தப் பரப்பின் ஆழம் செம்பில் 0.017 மி.மீ.; நாம் பேசப்போகும் அலுமினியக் கலவையில் 0.027 மி.மீ. எழுதும் தாளின் கனத்தில் கால் பங்குதான். குழாய்ச் சுவரின் மற்றப் பகுதியெல்லாம் மின்சாரத்துக்குத் தேவையே இல்லை. காற்றைத் தாங்க மட்டும் இருக்கிறது. 20 மி.மீ. குழாயில் அரை அலைநீளக் கம்பி ஒன்றின் இழப்புத் தடையைக் கணக்கிட்டால் செம்புக்கு 0.08 ஓம், அலுமினியக் கலவைக்கு 0.12 ஓம் வருகிறது. அதே கம்பியின் கதிர்வீச்சுத் தடையோ 73 ஓம். நூறு வாட் அனுப்பினால் செம்பில் 0.11 வாட் வீணாகும், அலுமினியத்தில் 0.17 வாட். யாகி வகையில் கதிர்வீச்சுத் தடை குறைவு ஆதலால் இழப்பு சற்றுக் கூடும். அப்போதும் ஒன்றிரண்டு வாட்டைத் தாண்டாது. கேட்பவர் காதுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

எடையோ தெரியும். ஓர் அங்குலக் குழாய், சுவர் ஒன்றரை மி.மீ., ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் அலுமினியம் 300 கிராம், செம்பு ஒரு கிலோ. செம்புக் கம்பி தன் பாரத்தாலேயே தொங்கிவிடும். எனவே மின்கடத்தும் திறனை மறந்துவிட்டு வலிமையைத் தேடுவதே இங்கு அறிவுடைமை.

தூய அலுமினியம் மிக மென்மையானது. பதப்படுத்தி இளக்கிய நிலையில் சதுர மில்லிமீட்டருக்கு 34 நியூட்டன் தகைவு வந்தாலே நிரந்தரமாக வளைந்துவிடும். சிறிதளவு மக்னீசியமும் சிலிக்கனும் சேர்த்தால் 6000 வரிசைக் கலவைகள் கிடைக்கின்றன. சேர்ப்பது மட்டும் போதாது. உலோகத்தை 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, நீரில் சட்டென்று குளிர்வித்து, பின் 170 பாகை அளவில் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அப்போது மக்னீசிய சிலிசைடு நுண்துகள்கள் படிகத்துக்குள் ஆங்காங்கே உருவாகி, அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதபடி முட்டுக்கட்டை போடுகின்றன. இந்த 'முதிர்வு' முறையை 1906-இல் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்தது செம்பு கலந்த வேறொரு கலவை. விமானம் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரிலேயே அலுமினியம் உருக்கிய காலம் நமக்கும் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே கலவையின் எண்ணோடு பதத்தின் எழுத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஜன்னலுக்கு வருவது பெரும்பாலும் 6063. அதன் டி5 பதம் 145 நியூட்டன் வரை தாங்கும். டி6 பதம் 214 வரை. 6061 கலவையின் டி6 பதம் 276 வரை தாங்கும். அதே 6061 இளக்கிய நிலையில் வந்தால் 55-தான்! எண்ணை மட்டும் கேட்டு வாங்குபவர் ஏமாறக்கூடிய இடம் இது. பழைய கடைக்காரர்கள் 6063-ஐ எச்.இ.9 என்றும், 6061-ஐ எச்.இ.20 என்றும் சொல்வதுண்டு. எச்.இ.30 என்று கிடைக்கும் 6082 கலவையும் டி6 பதத்தில் 6061-க்கு ஏறத்தாழ நிகரானது. நம் நாட்டில் எளிதாகவும் கிடைக்கிறது.

என் தந்தையார் ஜன்னல், கதவு வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 6063 என்ற எண்ணை நான் சொல்லித்தான் கேட்டார். ஆனால் ஒரு துண்டை வாளால் அறுத்துப் பார்த்தே, "இது மாவு, பல்லுல ஒட்டுது, இது கெட்டி, பொலபொலன்னு கொட்டுது" என்று பிரித்துவிடுகிறார். நூலில் தேடியபோது அதுவே சரியென்று அறிந்தேன். இளகிய அலுமினியம் வாளின் பற்களுக்கிடையே பிசினைப்போல் அப்பிக்கொள்ளும். முதிர்வித்த கலவையோ சிறு சீவல்களாக உதிரும். முப்பது ஆண்டுகளாக அவர் கையில் இருந்த இயற்பியலுக்கு எங்கள் வீட்டில் பெயர் மட்டுந்தான் இல்லாமல் இருந்தது.

குழாயைக் கையால் வளைத்துப் பார்த்து, "விறைப்பாக இருக்கிறது, நல்ல சரக்கு" என்று வாங்குவோரும் உண்டு. இது சரியான சோதனை ஆகாது. முதலாண்டில் நாம் செய்த வளைவுச் சோதனையை நினைவுகூர்க. எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பது யங் குணகம். அது எல்லா அலுமினியக் கலவைகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், சதுர மில்லிமீட்டருக்கு 69,000 நியூட்டன். மென்மையான குழாயும் வலிய குழாயும் ஒரே பாரத்துக்கு ஒரே அளவு வளையத் தொடங்கும். எது திரும்பி நிமிரும் என்பதில்தான் வேறுபாடு. அதாவது மீட்சி எல்லையில்.

இதை நம் ஆய்வகத்தில் பேராசிரியரின் அனுமதியோடு செய்து பார்த்தோம். அரை அங்குலக் குழாயை மரக்கட்டைகளுக்கிடையே இறுக்கி, ஒரு மீட்டர் வெளியே நீட்டி, நுனியில் இரண்டரைக் கிலோ தொங்கவிட்டோம். கணக்குப்படி நுனி 14 செ.மீ. இறங்க வேண்டும், அடியில் தகைவு 187 நியூட்டன். ஜன்னல் குழாயும் 6061-டி6 குழாயும் அந்த அளவை ஒட்டியே இறங்கின. பாரத்தை எடுத்ததும் 6061 நேராக நிமிர்ந்தது. ஜன்னல் குழாய் ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது; ஆகவே அது டி5 பதம் என்று கொண்டோம். வாங்குமுன் ஒரு துண்டை மட்டும் கேட்டுப் பெற்று யாரும் செய்துபார்க்கலாம். எடைக்கல் கிடைக்காத இடத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீர் போதும்.

இனிக் காற்று. புயற்காற்றை மணிக்கு 120 கி.மீ. எனக் கொள்வோம், விநாடிக்கு 33 மீட்டர். காற்றின் அடர்த்தியைப் பாதியாக்கி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க, சதுர மீட்டருக்கு 667 நியூட்டன் அழுத்தம் கிடைக்கிறது. உருளை வடிவத்துக்கு அதை 1.2-ஆல் பெருக்கிச் சுமார் 800 என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அங்குலக் குழாய் ஒன்றையே ஐந்தேகால் மீட்டருக்கு நீட்டினால் அதன் அடியில் தகைவு 400 நியூட்டனைத் தாண்டுகிறது. எந்தப் பதமும் தாங்காது! கலவையை மாற்றுவதால் மட்டும் தீராத சிக்கல் இது. வடிவத்தையும் மாற்ற வேண்டும். மூங்கிலும் சவுக்கும் நுனி சிறுத்து வளர்வது இதனால்தானோ என்று தோன்றியது.

எனவே தொலைநோக்கிக் குழாய்போல் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகும் முறை. பட்டறைகளில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை 'ஒரு நூல்' என்பார்கள் அல்லவா? எட்டு நூல், ஏழு நூல், ஆறு நூல், ஐந்து நூல், நான்கு நூல் என்று ஐந்து குழாய்கள். சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் ஒன்றுக்குள் அடுத்தது, கால் மில்லிமீட்டர் இடைவெளியோடு அழகாகச் செருகிக்கொள்ளும். 16 கேஜ் சுவர் என்றால் 1.63 மி.மீ.; உள்ளே போகவே போகாது. கேஜைச் சொல்லாமல் வாங்கினால் கடைசியில் கடைசல் பட்டறைக்குத்தான் அலைய வேண்டும்.

அடிக்குழாய் 1.2 மீட்டரும் மற்றவை ஒவ்வொன்றும் ஒரு மீட்டரும் வெளியே தெரியும்படி வைத்துக் கணக்கிட்டோம். அடியில் எட்டு நூல் குழாய் தனியாக நின்றால் தகைவு 288 நியூட்டன். ஏழு நூல் குழாயை நடுவரை உள்ளே ஓடவிட்டு இரட்டைச் சுவராக்கினால் அது 175 ஆகக் குறைகிறது. ஆனால் வியப்பு என்னவெனில், ஆபத்து அடியிலிருந்து அடுத்த இணைப்புக்கு நகர்ந்துவிட்டது: ஏழு நூல் குழாய் தொடங்கும் இடத்தில் 212. அதற்கு அடுத்ததில் 157, பின் 98, நுனிக் குழாயில் 39. பெரியவரின் பழைய ஆண்டெனாவை எடுத்துப் பார்த்தோம். மூன்றில் இரண்டு கம்பிகள் நடுவில் ஒடியவில்லை. முதல் இணைப்புக்கு வெளியேதான் மடங்கியிருந்தன. தாளில் போட்ட கணக்கைத் துருவேறிய பொருள் ஒன்று ஒப்புக்கொள்ளும்போது வரும் மகிழ்ச்சியை நம் வகுப்பு நண்பர்கள் அறிவார்கள்.

இந்த எண்களிலிருந்து வாங்க வேண்டியது தானாகவே விளங்குகிறது. அடியிலுள்ள மூன்று குழாய்களும் 6061-டி6 ஆக இருத்தல் வேண்டும். நுனியிலுள்ள இரண்டுக்கும் உள்ளூர் ஜன்னல் உலோகமே தாராளம். எல்லாவற்றையும் சென்னையிலிருந்து வாங்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்கவும் கூடாது. வேகம் 140 கி.மீ. ஆனால் விசை 1.36 மடங்கு ஆகும். அப்போது அந்த 212 என்பது 288 ஆகி 6061-ஐயும் வென்றுவிடும். அதற்கு மாற்றாக, ஆறு நூல் குழாயை அரை மீட்டர் கூடுதல் நீளமாக வாங்கி, ஏழு நூல் குழாய்க்குள் அந்த அபாய இடம் வரை தள்ளிவிட்டோம். தகைவு 140 கி.மீ. காற்றிலும் 180-க்குள் அடங்கிவிட்டது. அரை மீட்டர் குழாயின் விலையில் கிடைத்த பாதுகாப்பு அது. நுனி சிறுத்த கம்பி, ஒரே பருமனுள்ள கம்பியைவிடச் சற்று நீளமாக இருந்தால்தான் அதே அலைவரிசைக்கு ஒத்திசையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே நுனிக் குழாயை முதலில் இறுக்காமல், அளந்து பார்த்த பின் இறுக்க வேண்டும்.

ஒடிந்த குழாயை நெருப்பில் காட்டி நிமிர்த்தலாம், பற்றவைக்கலாம் என்று சொன்னவர்கள் பலர். சூடு பட்ட இடத்தில் அந்த நுண்துகள்கள் கரைந்தும் பெருத்தும் போய்விடும். டி6 என்ற பதம் அங்கே இல்லை. மடங்கிய குழாயை அறுத்து, நல்ல பகுதியை நுனிக்குப் பயன்படுத்துவதே முறை.

கடற்கரை ஊருக்கு மற்றொரு பகை உப்பு. அலுமினியத்தின் மின்முனை மின்னழுத்தம் கழித்தல் 1.66 வோல்ட், செம்புக்குக் கூட்டல் 0.34. இரண்டும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலம் உருவாகிவிடும், அரிக்கப்படுவது அலுமினியம். கேபிளின் செம்பை நேரே குழாயில் முறுக்காமல், இடையே எவர்சில்வர் வாஷர் வைத்து, அந்த இடத்தை நீர் புகாதபடி மூட வேண்டும். திருகும் ஹோஸ் கிளிப்பும் எவர்சில்வரே நல்லது. இணைப்புக்குள்ளும் கவனம் தேவை. காற்றுப்பட்ட அலுமினியத்தின்மேல் ஆக்சைடுப் படலம் நொடியில் படிகிறது. மெல்லியதாயினும் அது மின்கடத்தாப் பொருள். ஜன்னல் குழாய்களுக்கு அழகுக்காக ஏற்றும் அனோடைஸ் படலமோ 10 முதல் 25 மைக்ரான். அதைச் சுரண்டாமல் செருகினால் பார்வைக்கு ஒரே கம்பி, மின்சாரத்துக்கு ஐந்து கம்பிகள். உப்புத்தாளால் தேய்த்து, மின்வாரிய வேலைகளில் அலுமினிய இணைப்புக்குப் பூசும் துத்தநாகத் தூள் கலந்த பசையைத் தடவி உடனே செருகிவிட வேண்டும்.

புயலைவிட மெல்லிய காற்று செய்யும் தீங்கும் ஒன்று உண்டு. விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வரும் சீரான கடற்காற்று, 20 மி.மீ. குழாயின் பின்னால் விநாடிக்கு ஐம்பது சுழல்களை உதிர்க்கிறது. குழாய் ரீங்காரமிட்டு அதிரும். எஃகுக்கு ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை முறை அதிர்ந்தாலும் களைப்பு வருவதில்லை. அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை இல்லை. சிறு அதிர்வும் கோடிக்கணக்கில் சேர்ந்தால் விரிசலாகும். இதற்கு ஹாம் அன்பர்கள் கண்ட மருந்து எளியது: குழாய்க்குள் நெடுகிலும் ஒரு கயிற்றைத் தளர்வாக ஓடவிடுவது. கயிறு சுவரில் உரசி அதிர்வை விழுங்கிவிடுகிறது. நாங்கள் மீனவ நண்பர் ஒருவர் கொடுத்த பழைய நைலான் வலைக்கயிற்றைப் போட்டோம். நுனியை ரப்பர் மூடியால் அடைத்து, கம்பி தாழ்ந்திருக்கும் பக்கத்தில் மூன்று மி.மீ. துளை ஒன்று, உள்ளே வியர்க்கும் நீர் வடிவதற்காக. துளை அடிக்குழாயில் வேண்டாம். அங்கே இடும் ஒவ்வொரு துளையும், மேலே கண்ட கணக்கில் நாம் சேமித்த நியூட்டன்களைத் தின்றுவிடும்.